யூடியூபில் பாரதக் கூத்தைப் பார்ப்பதும் களரியின் முன் அமர்ந்து பார்ப்பதும் ஒன்றுதானா?

கேள்வி – எழுதியவர்: சுகநதிக்கரை

எங்கள் பூர்வீகம் வந்தவாசிப் பக்கத்தில் உள்ள ஒரு சிற்றூர். பிழைப்பின் பொருட்டுச் சென்னையில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் ஊரில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா நடக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டுத் தலைக்கட்டு வரியைத் தவறாமல் அனுப்பி வருகிறேன். இந்தச் சித்திரையில் விழாவை நடத்துவதென ஊரார் முடிவு செய்து, பாரதச் சொற்பொழிவாளருக்கும் கூத்தாடும் குழுவான ஜமாவுக்கும் தாம்பூலம் கொடுத்து ஏற்பாடு செய்துவிட்டார்கள். பள்ளி விடுமுறையும் அதே சமயத்தில் வருவதால், மனைவி பிள்ளைகளுடன் சில நாட்களாவது ஊரில் தங்கிக் கூத்தைப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பிள்ளைகளுக்குக் கூத்தின் மீது ஆர்வம் இல்லை என்று சொல்ல முடியாது. எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் வீட்டுத் தொலைக்காட்சியில் யூடியூப் வழியாகக் கர்ண மோட்சத்தையும் கிருஷ்ணன் தூதையும் முழுமையாகப் பார்த்திருக்கிறாள். சில பாடல்கள் அவளுக்கு மனப்பாடம். அவள் என்னிடம் கேட்பது இதுதான்: "திரையில் வேஷக்காரரின் முகம் தெளிவாகத் தெரிகிறது. பாட்டு புரியாவிட்டால் பின்னுக்குத் தள்ளி மறுபடியும் கேட்க முடிகிறது. தூக்கம் வந்தால் நிறுத்திவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். ஊருக்குப் போனால் கூட்டத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பாதியைத்தானே பார்க்க முடியும்? நம் ஊர்க் கூத்தையும் யாராவது நேரலையில் போடத்தான் போகிறார்கள். பிறகு நாம் ஏன் போக வேண்டும்?"

"நேரில் பார்ப்பது வேறு" என்று அவளிடம் சொன்னேன். எப்படி வேறு என்று கேட்டபோது என்னால் தெளிவாக விளக்க முடியவில்லை. என் சிறுவயது ஏக்கத்தைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றுகிறேனோ என்ற ஐயமும் இருக்கிறது. கூத்தை அறிந்தவர்களும், இரண்டு வகையிலும் பார்த்தவர்களும், அவளுக்குச் சொல்லக்கூடிய விடையை எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி – எழுதியவர்: செய்யாற்றுவாசி

உங்கள் மகள் சொல்வதில் தவறு ஒன்றும் இல்லை. அரிதாரத்தின் நுட்பத்தையும், கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் பதித்த கண்ணாடித் துண்டுகளையும், துரியோதனன் மீசையைத் தடவும் விரலையும் கேமரா நம்மைவிட நன்றாகவே பார்க்கிறது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு பேசினால்தான் அவள் மேற்கொண்டு நாம் சொல்வதைக் கேட்பாள்.

ஆனால் கேமரா கூத்து ஆடும் இடமான களரியை மட்டுமே பார்க்கிறது. பாரதம் களரியில் மட்டும் நடப்பதில்லை. பகலில் சொற்பொழிவாளர் வில்லிபுத்தூராரின் பாடல்களைப் பாடிப் பொருள் சொல்கிறார். அதே கதை இரவில் கூத்தாக ஆடப்படுகிறது. அதன் முக்கியமான கட்டங்கள் கோயில் சடங்காகத் தெருவிலும் வெளியிலும் நிகழ்கின்றன. மூன்றும் ஒன்றோடொன்று பின்னிய விழாவிலிருந்து ஓர் இழையை மட்டும் உருவி எடுத்துப் பதிவேற்றியதைத்தான் நாம் யூடியூபில் காண்கிறோம்.

அர்ச்சுனன் தபசை எடுத்துக்கொள்ளுங்கள். உயரமான தபசு மரத்தின் மேல் அர்ச்சுனன் வேஷக்காரர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுகிறார். உச்சிக்குப் போன பிறகு எலுமிச்சம்பழம், விபூதி, பூ ஆகியவற்றைக் கீழே போடுகிறார். காணொளியில் பார்ப்பவர் கண்ணுக்கு இது ஓர் அசாத்தியமான சாகசமாகத் தெரியும்; அவர் கவலையெல்லாம் ஏறுபவர் விழுந்துவிடக் கூடாதே என்பதாக இருக்கும். ஆனால் மரத்தடியில் குழந்தை வரம் வேண்டிப் பெண்கள் ஈரப்புடவையுடன் காத்திருக்கிறார்கள். மேலிருந்து விழும் பழம் தம் முந்தானையில் விழ வேண்டும் என்பதே அவர்களுடைய வேண்டுதல். ஊரில் நிற்கும்போது அந்தப் பெண்களுள் ஒருவர் உங்கள் பெரியப்பா வீட்டு மருமகளாக இருக்கலாம். அவருடைய வேதனை உங்களுக்குத் தெரியும். அவர் மாமியாரும் பக்கத்தில் நிற்பார். அப்போது மரத்தின் மேல் இருப்பவர் அனைவருக்கும் அர்ச்சுனன்தான். அந்த நேரத்தில் அவரை நடிகர் என்று எண்ணுவோர் யாரும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பகடை துகில் இரவும் அப்படிப்பட்டதே. துகிலுரியும் கட்டம் நெருங்கும்போது, பல ஜமாக்களில் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றுகிறார்கள். திரௌபதி வேஷத்தில் இருப்பவர் பெரும்பாலும் ஓர் ஆண்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் துச்சாதனன் வேஷக்காரர் அவரை வணங்கிய பிறகே அந்தச் சேலையில் கை வைக்கிறார். பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களுள் சிலருக்கு அருள் வந்துவிடும். காணொளிகள் சிலவற்றில் இந்தப் பகுதியை "தாமதம்" என்று வெட்டிவிடுகிறார்கள். வெட்டாமல் விட்டாலும், வீட்டில் இருப்பவர் அதை முன்னோக்கி ஓட்டிவிடக்கூடும்.

நீளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூத்து இரவு பத்து மணி அளவில் தொடங்கி விடியும் வரை நடக்கிறது. ஒவ்வொரு வேஷமும் இரண்டு பேர் பிடிக்கும் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடி, பாதி முகத்தைக் காட்டி, மறைந்து, மீண்டும் தோன்றி, கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் கேட்கும் கேள்விகளுக்குத் தான் இன்னார் என்று பதில் சொன்ன பிறகே களரிக்குள் முழுமையாக வருகிறது. வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது இது பொறுமையைச் சோதிக்கும். அங்கே, சற்றுத் தூங்கி, விழித்து, தேநீர் குடித்து, அக்கம்பக்கத்தாரோடு பேசி, மத்தளச் சத்தம் மாறியதும் திரும்பிப் பார்க்கும் மனநிலையில், அந்த நீளமே கூத்தின் இயல்பாகிவிடுகிறது. பதினெட்டாம் போர் அன்று இரவெல்லாம் ஆடிய பீமனும் துரியோதனனும் கலையாத வேஷத்தோடு காலை வெயிலில் படுகளத்துக்கு வருகிறார்கள். அங்கே தரையில் மண்ணால் மிகப்பெரிய துரியோதனன் உருவத்தைப் படுக்க வைத்திருப்பார்கள். அதைச் சுற்றி இருவரும் ஓடிச் சண்டையிட, பிள்ளைகளும் பின்னாலேயே ஓடுவார்கள். பீமன் தொடையில் அடித்ததும் உள்ளே வைத்திருக்கும் செந்நிற நீர் வெளிவரும். அதைத் தொட்டுத் திரௌபதி கூந்தல் முடிப்பாள். அந்த உருவத்தின் மண்ணை எடுத்துப் போய் வீட்டிலும் நெற்குதிரிலும் வைத்துக்கொள்வதும் உண்டு. மாலையில் தீமிதி நடக்கும்.

ஒலியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கைப்பேசியின் ஒலிப்பதிவு அமைப்பு மனிதப் பேச்சுக்கு ஏற்றவாறு அமைந்தது. பெரிய சத்தத்தைத் தானாகக் குறைத்து, சிறிய சத்தத்தைத் தானாக உயர்த்திவிடும். முகவீணை என்னும் ஊதுகுழலின் கூர்மையும், மத்தளத்தின் அடியும், மரத்தாலான கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்த கட்டை வேஷக்காரரின் காற்சலங்கையும் ஒன்றையொன்று மிஞ்சி எழுவதுதான் கூத்தின் உயிர். பதிவில் அவை ஒரே உயரத்துக்கு மட்டமாக்கப்பட்டு வருகின்றன. கர்ணன் களத்துக்கு வரும்போது நெஞ்சுக்குள் அதிரும் அந்த அடியை உங்கள் மகள் இன்னும் கேட்டதில்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

மறுமொழி – எழுதியவர்: தோகாவில் ஒரு செஞ்சிக்காரன்

மேலே எழுதிய ஐயாவின் சொற்களை மதிக்கிறேன். ஆயினும், திரையில் பார்ப்பதைக் குறைபட்ட ஒன்றாகவே எல்லோரும் பேசும்போது, எங்களைப் போன்றவர்களின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

நான் கத்தாரில் கட்டடப் பணியில் இருக்கிறேன். எங்கள் ஊர்த் திருவிழா கோடையில் வருகிறது; எனக்கு விடுப்பு எப்போது கிடைக்கும் என்பது என் கையில் இல்லை. எங்கள் அறையில் செஞ்சி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளைச் சேர்ந்தவர்கள் இருக்கிறோம். மறுநாள் விடுமுறை என்பதால் வியாழக்கிழமை இரவுகளில் கைப்பேசியைச் சுவரோரம் நிறுத்திக் கூத்துப் போட்டுவிடுவோம். ஒருவர் சமைத்துக்கொண்டே கேட்பார். ஒருவர் பின்பாட்டுக்காரர்களோடு சேர்ந்து பாடுவார். வடக்குப் பாணியா தெற்குப் பாணியா என்று வாக்குவாதம் நடக்கும். ஊருக்குப் போகாமல் இருப்பதால் எங்கள் பார்வை ஆழமற்றதாகிவிட்டது என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

என் தகப்பனார் காலமானபோது என்னால் உடனே ஊருக்குப் போக இயலவில்லை. எங்கள் பகுதியில் காரியத்துக்கு முந்தைய இரவில் கர்ண மோட்சம் வைக்கும் வழக்கம் உண்டு. தம்பி தன் கைப்பேசியில் என்னை அழைத்து, விடியும் வரை அழைப்பைத் துண்டிக்காமல் கூத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். படம் அடிக்கடி நின்றுபோயிற்று. பாட்டு பாதிதான் கேட்டது. கர்ணன் தன் தருமத்தின் பலனையெல்லாம் தாரை வார்க்கும் இடத்தில் எங்கள் அம்மா அழுத சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. அந்த இரவு எனக்கு இல்லாமல் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. அம்மாவின் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்ற குறை இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றொன்றை என்னால் மறைக்க முடியாது.

மகளின் இன்னொரு கருத்துக்கும் நான் துணை நிற்கிறேன். பின்னுக்குத் தள்ளி மறுபடியும் கேட்பது சிறிய வசதி அன்று. கூத்துப் பாடல்களின் சொற்கள் பழையவை. வேகமாக ஓடும் தரு என்னும் பாட்டில் முதல்முறை கேட்பவருக்குப் பாதிதான் பிடிபடும். காலமான பெரிய கூத்து வாத்தியார்களின் குரல் இன்று நமக்குக் கிடைப்பதும் பதிவுகளால்தான். எனவே, வர முடிந்தும் வராமல் இருப்பவரையும் வர இயலாதவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசாதிருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு இருக்கிறது. அவர்களை அழைத்துச் செல்லுங்கள் என்பதே என் கருத்தும்.

மறுமொழி – எழுதியவர்: முகவீணை

என் தந்தையார் ஜமா வாத்தியார். நான் அதே ஜமாவில் முகவீணை வாசிக்கிறேன். பார்ப்பவர்களின் பக்கத்திலிருந்து நண்பர்கள் எழுதிவிட்டார்கள். ஆடுபவர்களின் பக்கத்தில் என்ன நேர்கிறது என்பதைச் சொன்னால் உங்கள் மகளுக்கு உதவியாக இருக்கலாம்.

கட்டியக்காரன் களரிக்கு வருவதற்கு முன் அன்று மாலை ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். ஏரிக்கு நீர் வந்ததா, எந்தத் தெருவில் தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கிறது, நாட்டாண்மைக்காரர் யார், நிலக்கடலை என்ன விலைக்குப் போனது என்பதையெல்லாம் கேட்டு வைத்துக்கொள்வார். இரவில் துரியோதனனின் சபையில் நிற்கும்போது, அத்தினாபுரத்து ராசாவிடமே அந்தக் குழாயைப் பற்றி முறையிடுவார். கூட்டம் ஆர்ப்பரிக்கும், குழாய்க்குப் பொறுப்பானவரும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். அந்தக் காட்சியைப் பதிவில் பார்க்கும் வெளியூர்க்காரருக்கு அது வெறும் வசனம்தான். எங்கள் ஆட்டத்தில் எழுதி வைத்த பகுதியைவிட எழுதாத பகுதிக்கு மதிப்பு அதிகம். அந்த எழுதாத பகுதி எதிரில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துத்தான் பிறக்கிறது. கூட்டம் விழித்திருந்தால் விருத்தத்தை நீட்டிப் பாடுவோம். கண் சொக்கினால் மத்தளக்காரர் நடையை மாற்றுவார். ஒரு பாட்டி தேம்பினால் திரௌபதி வேஷக்காரர் அவர் பக்கம் திரும்பி நின்று பாடுவார். அப்படிப் பார்த்தால் உங்கள் மகள் எதிரில் வந்து உட்காரும்போது அன்றைய கூத்தே சிறிதளவு மாறும். திரையின் முன் அவள் என்ன செய்தாலும் நாங்கள் ஆடியது மாறப்போவதில்லை.

2020, 2021 ஆகிய இரண்டு கோடைகளிலும் தொற்றுநோய்க் கட்டுப்பாடுகளால் திருவிழாக்கள் நின்றுபோயின. பங்குனியிலிருந்து ஆடி வரை கிடைக்கும் வருமானத்தை நம்பித்தான் கூத்துக்காரர்கள் ஆண்டு முழுவதும் வாழ்கிறார்கள். அந்த நாட்களில் பழைய பதிவுகளைப் பார்த்துவிட்டு முகம் தெரியாதவர்கள் பணம் அனுப்பினார்கள். அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு. இன்று தொலைவான மாவட்டங்களிலிருந்து தாம்பூலம் கொடுக்க வருபவர்களுள் பலர் கைப்பேசியில் எங்களைப் பார்த்தவர்களே. ஆகவே, காணொளி எங்களுக்குப் பகை என்று நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு மனவருத்தம் தருவது வேறு. விடிய விடிய நடக்கும் கூத்திலிருந்து ஒரு நிமிடத்துக்கும் குறைவான துண்டை வெட்டிப் போடுகிறார்கள். அந்தத் துண்டு பெரும்பாலும் கட்டியக்காரனின் கொச்சைப் பேச்சாகவே இருக்கும். அதைப் பல பேர் பார்க்கிறார்கள்; பிறகு தாம்பூலம் வைக்க வரும் இளைஞர்கள் "அந்தக் காமெடி கட்டாயம் இருக்க வேண்டும்" என்று கேட்கிறார்கள். வாத்தியார் பாடும் விருத்தத்துக்கு உரிய நேரம் அந்தக் காமெடிக்குப் போய்விடுகிறது. மூன்று பக்கமும் மக்கள் உட்காரும் களரியில், இளைய வேஷக்காரர்கள் கேமரா இருக்கும் ஒரு பக்கத்தை நோக்கியே ஆடப் பழகுகிறார்கள். இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் கிழவர், சிறுபிள்ளையிலிருந்து அந்த இடத்திலேயே கூத்துப் பார்த்தவர், ராசாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதைத் தந்தையார் ஒவ்வொரு ஊரிலும் சொல்லித் திருத்துகிறார்; முழுமையாகத் திருந்திவிட்டதென்று சொல்வதற்கில்லை.

பணத்தைப் பற்றியும் மறைக்காமல் எழுதுகிறேன். களரியில் வேஷக்காரரின் மார்பில் ஊரார் நோட்டைக் குத்துவார்கள். கொடுத்தவரின் பெயரைச் சொல்லிக் கட்டியக்காரன் வாழ்த்துவார். பேசிய கூலிக்கு மேல் கிடைக்கும் அந்த அன்பளிப்பு எங்களுக்குப் பெரிய துணை. எங்கள் அனுமதி கேளாமல் படம் பிடித்துப் போடுபவர்களுக்கு விளம்பர வருமானம் வந்தாலும் அதில் ஒரு பங்கு எங்களுக்கு வந்ததில்லை. கேட்டுவிட்டு எடுத்தவர்களும் உண்டு. அவர்கள் பதிவில் ஜமாவின் பெயரும் ஊரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். வீட்டில் பார்க்கும்போது இப்படிப்பட்ட பதிவுகளைத் தேடிப் பார்க்குமாறு உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

கேள்வியாளர் – சுகநதிக்கரை

மூவருக்கும் நன்றி. உங்கள் மறுமொழிகளை மகளிடம் வாசித்துக் காட்டினேன். தான் அங்கே இருந்தால் கூத்தே மாறும் என்ற செய்தி அவளை மிகவும் யோசிக்க வைத்திருக்கிறது. போகலாம் என்று சொல்லிவிட்டாள். என் அலுவலக விடுப்பு எல்லா இரவுகளுக்கும் போதாது. எந்த இரவுகளைத் தேர்ந்தெடுப்பது? மகன் ஐந்தாம் வகுப்பு. இரவு முழுவதும் விழித்திருப்பானா என்று தெரியவில்லை. பெண் பிள்ளைகள் கூத்துக் கற்று வேஷம் கட்டுகிறார்களா என்றும் மகள் கேட்கிறாள்.

மறுமொழி – எழுதியவர்: செய்யாற்றுவாசி

அழைப்பிதழில் நாள்வாரியாக நிகழ்ச்சிகள் அச்சிடப்பட்டிருக்கும். பகடை துகில், அர்ச்சுனன் தபசு, பதினெட்டாம் போரும் அதை அடுத்த படுகளமும் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் பதினெட்டாம் போரைத் தேர்ந்தெடுங்கள்; அன்று கூத்தும் சடங்கும் ஊரும் ஒன்றாகிவிடும். அந்தக் கதைகளை முன்கூட்டியே யூடியூபில் பிள்ளைகள் பார்த்து வரட்டும். கதை தெரிந்தவர்கள்தான் கூத்தை நன்றாக அனுபவிப்பார்கள். ஊரில் எல்லோருக்கும் கதை முன்பே தெரியும். தோகா நண்பர் சொன்னது இந்த இடத்தில் மிகவும் பொருந்தும்.

மகனைப் பகலில் உறங்க வையுங்கள். பாயும் போர்வையும் எடுத்துச் செல்லுங்கள். அவன் நடுவில் தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம்; நாங்கள் எல்லோரும் அப்படித் தூங்கி எழுந்துதான் கூத்துப் பார்த்தோம். துகில் கட்டத்தில் மட்டும் கைப்பேசியை எடுக்காதிருங்கள்; சில ஊர்களில் அதைத் தவறாகக் கருதுவார்கள்.

மகளின் கேள்விக்கு: காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் ராஜகோபால் நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் முறையாகப் பயின்று, கட்டை வேஷம் கட்டி ஆடியிருக்கிறார்கள். ஊர் ஜமாக்களில் இன்னும் பெரும்பாலும் ஆண்களே ஆடுகிறார்கள். அந்தப் பெண்களின் ஆட்டத்தைக் காட்டும் பதிவுகள் கிடைத்தால் அவளுக்குக் காட்டுங்கள்.

மறுமொழி – எழுதியவர்: முகவீணை

ஒன்று விட்டுப்போயிற்று. உங்கள் ஊருக்குத் தாம்பூலம் வாங்கியிருப்பது எந்த ஜமா என்று கோயில் நிர்வாகத்திடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரவு எட்டு மணி அளவில் வேஷம் கட்டும் இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்து வந்து, வாத்தியாரிடம் சொல்லிவிட்டு ஓரமாக உட்கார வையுங்கள். முதலில் அரிதாரம், பிறகு கண் மை, கடைசியாகப் புஜக்கட்டையும் கிரீடமும் என்று ஒருவர் கண்ணெதிரே ராசாவாகும் வரை பார்க்கலாம். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்க வேண்டாம். கேள்விகளை மறுநாள் பிற்பகலில், நாங்கள் தூங்கி எழுந்த பிறகு கேட்டால் எந்த ஜமாவும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும்.